தூசி அல்ல

ஆறு லென்ஸ்களை விற்று
மைமூ ஒரு துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினாள்.
பழையது அவ்வப்போது தண்ணீரைச்
சமையலறைக்குக் கடத்திக்கொண்டிருந்தது.
வாங்க வந்த பையன்
தார்த்துவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தான்.
ஏழாவதையும் கேட்டான்.
அது கேமராவிலேயே இருந்தது.
திருகிக் கழற்றச் சோம்பல், அவ்வளவுதான்;
கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை.

முப்பத்தைந்து மில்லிமீட்டர்.
கறுப்பு தேய்ந்து பித்தளை எட்டிப்பார்க்கும் வளையம்.
இழுத்தால் வராது, தள்ளினால் போகாது.
கிட்டத்தில் வேண்டுமா, கிட்டத்தில் போ.
முடியாவிட்டால்
தூரத்தைத் தூரமாகவே எடு.

முதல் வாரம் கை தானாகப் பையைத் தேடியது,
பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல.
பிறகு மறந்தது.
முன்பெல்லாம் ஹாப்சலு கரையில் அன்னம் இறங்கும்;
எந்த லென்ஸ் என்று இவள் குனிந்து துழாவி
நிமிர்வதற்குள்
அன்னம் இறங்கிய தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.
இப்போது அன்னம் வந்தால்
அன்னத்தைப் பார்க்கிறாள்.
சில நாள் அதோடு சரி.
கேமரா கோட்டுக்குள்ளேயே கதகதப்பாகக் கிடக்கும்.

படகுத்துறையில் அவளுக்கு வேலை.
கார், லாரி, கார், குதிரை ஏற்றிய வண்டி, கார்:
கை காட்டிக் கை காட்டி
கப்பலின் வயிற்றில் இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும்.
ஒரு முழம் வீணானாலும் மேலாளர் முகம் சுளிப்பார்.

பிப்ரவரியில் ஒரு விடுமுறை நாள்.
விரிகுடா உறைந்திருந்தது. வானமும்.
இரண்டுக்கும் நடுவே கோடு போட
யாரோ மறந்துவிட்டார்கள்.
வெகுதூரத்தில் கல்யோ,
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
பனிக்கட்டியில் குடைந்த ஓட்டைக்குள் தூண்டில் விட்டபடி.

போகலாம் என்றது கால்.
முந்தின நாள் வெயில் அடித்திருந்தது.
கரையோரத்தில் பனிக்கட்டி கீறல் விட்டிருந்தது.
கல்யோ அதையெல்லாம் பார்க்கிற ஆளில்லை.
மைமூ நின்றாள்.
கண்ணை வைத்தாள்.
வலது ஓரம் ஒரு நாணல் நுழைந்தது;
அரையடி நகர்ந்தாள், போனது.
எச்சரிக்கைப் பலகையின் மூலை;
முழங்காலிட்டாள், போனது.
நீக்க நீக்க
நீக்குவதற்கு இன்னும் இருந்தது.
கடைசியில் தன் மூச்சின் ஆவி.
அதையும் அடக்கினாள்.

க்ளிக்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல?
கதவைச் சாத்தியபின் பையைத் தொட்டு
சாவி இருக்கிறது என்று அறிவோமே,
அந்த அளவுதான்.
ஆனால் நாள் முழுக்க.

அச்சுப்படத்தை மேசைமேல் பார்த்த எண்டெல்
ஸ்வெட்டர் கையால் ஒருமுறை துடைத்தான்.
எச்சில் தொட்டு இன்னொருமுறை.
"தூசி போகமாட்டேன் என்கிறது" என்றான்.

இதை எழுதும் மொழியில்
ஓர் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
அதன் ஓசை பாதியாகும்.
பெயர் மெய்யாகும்.
மைமூவுக்கு இது தெரியாது;
தெரிந்திருந்தால் புருஷனிடம் சொல்லியிருப்பாள்.
தெரியாததால்
காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.

சனிக்கிழமை ஏணி கேட்டு வந்தான் கல்யோ.
படத்தைப் பார்த்தான்.
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தான்.
"இடப்பக்கம் சாய்ந்திருக்கிறதே, நான்தான்.
இடுப்பு பிடித்துக்கொண்ட அன்றைக்கு."
மூக்கு காகிதத்தில் படக் குனிந்து
"மீன் ஒன்றும் சிக்கவில்லை" என்றான்,
அதுவும் அதில் தெரிவதுபோல.

ஏணியைத் தோளில் வைத்து அவன் கிளம்பினான்.
வேலிக்கு அப்பால் ஆள் மறைந்து
வெள்ளையில் ஏணி மட்டும்
தானாக நடந்து போயிற்று.
கேமரா உள்ளே, ஆணியில்.
எடுத்து வருவதற்குள் திருப்பம் வந்துவிடும்.
வாசலிலேயே நின்றாள்.
உள்ளே புது இயந்திரம்
எண்டெலின் சட்டைகளைச் சுற்றிக்கொண்டிருந்தது.
ஏணிக்கு ஒன்பது படி,
இத்தனை வருஷம் அவள் எட்டு என்றே நினைத்திருந்தாள்.